கையுறையோடு கண்ணில் ஒற்றியது

ஐம்பத்து நாலு வயதில் எனக்குக் கல்லூரி அடையாள அட்டை கொடுத்தார்கள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால், வாசலில் இருந்த காவலாளி என்னை மகளை விட வந்த அப்பா என்று நினைத்து, பார்வையாளர் நோட்டில் கையெழுத்துப் போடச் சொல்வார். முதல் ஒரு மாதம் போகிற நாளெல்லாம் போட்டேன். அட்டையைத் தூக்கிக் காட்டி விளக்கம் சொல்லலாம்தான். அந்த நேரத்துக்கு என்னிடம் அதற்குத் தெம்பு மிச்சம் இருக்காது.

வீடு செங்கல்பட்டு. ஐந்தரைக்கு மாமல்லபுரம் பஸ். திருக்கழுக்குன்றத்தில் கால் மணி நேரம் நிற்பான். மாமல்லபுரத்தில் இறங்கி, மெட்ராஸ் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, திருவிடந்தைக்குக் கொஞ்சம் முன்னால் சவுக்குத் தோப்பு ஓரம் இறங்க வேண்டும். உள்ளே கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரி, அதோடு ஒட்டினாற்போல் கல்லூரி. வாரத்தில் மூன்று நாள் அங்கே படிப்பு, மூன்று நாள் செங்கல்பட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை முழுதும் காலை நீட்டிப் படுத்திருப்பேன். முட்டி இரண்டும் வீங்கிப்போயிருக்கும்.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். படாளத்துப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்களுக்குப் பிறந்தவன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தினேன். இருபது வயதில் செங்கல்பட்டு மிஷன் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற ஆளாகச் சேர்ந்தேன். ஒரே வருடத்தில் ஆபரேஷன் தியேட்டருக்குள் எடுத்துக்கொண்டார்கள். யாரும் சிபாரிசு செய்யவில்லை. கத்தரி, கிடுக்கி, கொக்கி எல்லாவற்றையும் நான் கழுவி வைக்கிற விதத்தைப் பார்த்துப் பெரிய டாக்டரே கூப்பிட்டுக்கொண்டார். முப்பத்து மூன்று வருடம் தியேட்டருக்குள் இருந்தேன். ஐந்து பெரிய டாக்டர்கள் வந்து போய்விட்டார்கள். அவரவருக்கு விளக்கு எந்தப் பக்கம் சாய வேண்டும், எவ்வளவு உயரத்தில் மேசை வேண்டும், கோபம் எப்போது வரும், எல்லாம் எனக்கு அத்துப்படி. நாற்பத்தோரு வயதில் தனியாக உட்கார்ந்து பத்தாவது பாஸ் செய்தேன். சொந்தமாக வீடு கட்டினேன். பிள்ளைகள் இரண்டு பேரையும் பட்டம் வாங்க வைத்தேன். எங்கள் வம்சத்தில் இதில் ஒன்றைக்கூட எனக்கு முன்னால் யாரும் செய்ததில்லை.

இப்படிப்பட்டவனிடம்தான் ஒருநாள் ஒரு சுற்றறிக்கையைக் காட்டினார்கள். அடுத்த வருடத்திலிருந்து சான்றிதழ் இல்லாத ஆள் தியேட்டருக்குள் இருக்கக் கூடாது, புது விதி. சான்றிதழ் இல்லாதவர்களுக்குச் சலவைப் பிரிவில் வேலை. சம்பளம் குறையாது. விருப்பப்பட்டால், கன்னியாஸ்திரிகளுடைய இந்தக் கடற்கரைக் கல்லூரியில், ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கென்று இருக்கிற ஒரு வருடப் படிப்பில் சேரலாம். தேறினால் வெறும் உதவியாளாக அல்ல, டெக்னீஷியனாகவே மேசைப் பக்கத்தில் நிற்கலாம். என்னோடு இருந்த மற்ற இரண்டு பேரும் சலவைக்குப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் படிப்புக்குக் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் சொன்னதும் என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ரிடையர் ஆவுற வயசுல பையத் தூக்கிகினு காலேஜிக்கா? முட்டிக்குத் தைலம் தேய்க்க ஆள் வெச்சிக்கினு போ" என்றாள்.

அவள் கேலி செய்ததில் தப்பில்லை. ஆனால் முப்பத்து மூன்று வருடம் நான் மேசைக்கு இரண்டடி தள்ளியே நின்றவன். கை கழுவி, கவுன் போட்டு, கையுறை மாட்டி, டாக்டர் கை நீட்டும்போது கருவியை உள்ளங்கையில் வைக்கிற இடம் எப்போதும் நர்ஸுடையது. அந்த இரண்டடியைத் தாண்ட வேண்டும் என்பது என் ஆசை. அதைத் தாண்டாமல் துணி மடிக்கப் போவது எனக்கு ஒப்பவில்லை.

கல்லூரியில் காலை எட்டரைக்கு எல்லோரும் சிற்றாலயத்தில் கூட வேண்டும். நான் இந்து. என்னை யாரும் மாறச் சொன்னதில்லை, நானும் வராமல் இருந்ததில்லை. ஒரு பாட்டு, ஒரு வாசகம், ஒரு ஜெபம். கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாட்டு முடிவதற்குள் கண் சொருகிவிடும். ஜெபம் முடிந்து ஆமென் என்று எல்லோரும் சொல்லும்போது விழித்துக்கொள்வேன். கும்பிட்ட கையை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வேன். எங்கள் ஆட்கள் கற்பூரத் தட்டுக்கும் அதுதான் செய்வோம், தெரியாமல் காலில் பட்ட புத்தகத்துக்கும் அதுதான் செய்வோம். மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்து ஆமெனுக்கும் அதையே செய்துகொண்டிருந்தேன்.

வகுப்பில் என்னைத் தவிரப் பதினான்கு பேர், எல்லாம் பன்னிரண்டாவது முடித்து இரண்டு வருடப் படிப்புக்கு வந்த பெண்கள். எனக்கும் அவர்களுக்கும் பாடம் ஒன்றாகவே நடக்கும். என்னை அங்கிள் என்பார்கள். பாடம் எடுத்தவர் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கிற ஒரு சிஸ்டர், திருச்சிப் பக்கம். குரலை உயர்த்தவே மாட்டார், ஆனால் அவர் பார்த்தால் கை தானாக நேராகும். முதல் வாரத்தில் இருபது கருவிகளைத் துணிக்கு அடியில் வைத்து, தொட்டுப் பார்த்துப் பெயர் சொல்லச் சொன்னார். பெண்கள் நாலைந்து சொன்னார்கள். நான் இருபதையும் சொல்லிவிட்டு, பதினோராவது கிடுக்கியின் பல் தேய்ந்திருக்கிறது, மாற்றச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். பெண்கள் கை தட்டினார்கள். சிஸ்டர் அந்தக் கிடுக்கியை எடுத்துப் பார்த்துவிட்டுத் தனியாக வைத்தார்.

கையில் இருந்தது தலையில் ஏறவில்லை என்பது அடுத்த மாதம்தான் தெரிந்தது. எந்தக் கிருமி எத்தனை டிகிரியில் சாகும், எந்த நூல் எத்தனை நாளில் உடம்பில் கரையும், இதையெல்லாம் எழுதச் சொன்னால் பேனா நகராது. தமிழில் எழுதலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். அப்படியும் நகராது. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றத்தில் பஸ் நிற்கிற கால் மணி நேரத்தில் மனப்பாடம் செய்தேன். பக்கத்துச் சீட்டுக்காரர் நான் மந்திரம் முணுமுணுக்கிறேன் என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்ததும் உண்டு.

சிஸ்டர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் ஒன்றுதான். தியேட்டரில் சுத்தம், அழுக்கு என்று இரண்டுதான் உண்டு; லேசான அழுக்கு என்று ஒன்று கிடையாது. கை கழுவிக் கையுறை போட்ட பிறகு, சுத்தம் செய்யாத எதன்மேல் பட்டாலும் அது அழுக்குக் கை. பட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்தாலே அழுக்கு. பட்டவன்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

"யாருமே பாக்கலைன்னாலும் சொல்லணும். உடனே சொன்னா கையுறை மாத்துறதோட முடிஞ்சுபோச்சு. சொல்லாம வெச்சிருந்தா அது எங்க போய் முடியும்னு யாருக்கும் தெரியாது."

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. செங்கல்பட்டில் நாங்கள் கை கழுவுவதற்கு முன்பே வராந்தாவில் நின்று ஜெபத்தை முடித்துக்கொள்வோம். இங்கே நோயாளிக்குத் துணி போர்த்தி, எல்லாம் தயாரான பிறகு, கத்தி வைப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால் மேசையைச் சுற்றி நின்று ஜெபம். நோயாளியும் கேட்க வேண்டும் என்பதற்காக. இதில் அந்தப் பெண்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. ஜெபம் தொடங்கும்போதும் முடியும்போதும் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டுவிடும். பயிற்சியின்போது இரண்டு பேர் கையுறையோடு நெற்றியைத் தொட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து கை கழுவினார்கள். சிஸ்டர் அவர்களுக்கு விரல்களைக் கோத்து நெஞ்சுக்கு நேரே இறுக்கி வைக்கக் கற்றுக்கொடுத்தார். சிலுவையை மனதுக்குள் போடுங்கள் என்றார்.

"எனுக்கு அந்தத் தொல்லை இல்ல சிஸ்டர். நான் சிலுவை போடற ஆளே இல்ல" என்றேன்.

"அண்ணா தப்பிச்சுட்டாங்க" என்று சிஸ்டர் சிரித்தார். பெண்களும் சிரித்தார்கள். அன்றைக்கு மதியம் சாப்பாட்டு நேரத்தில், முப்பத்து மூன்று வருடத்தில் என்னால் ஒரு கேஸுக்கும் ஒரு குறை வந்ததில்லை என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னது உண்மைதான். இரண்டடி தள்ளி நின்றவனுக்கு என்ன குறை வந்துவிடும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

வருடக் கடைசிக்குள் இந்த ஆஸ்பத்திரியில் பதினொரு ஆபரேஷனில் நர்ஸின் இடத்தில் நின்று கருவி கொடுத்தேன். பதினொன்றும் நன்றாகவே நடந்தன. எழுத்துப் பரீட்சையில் தட்டுத்தடுமாறித் தேறினேன். மிச்சம் இருந்தது செய்முறைப் பரீட்சை.

அதற்கு முந்தின நாள் செங்கல்பட்டில் எனக்கு வேலை. மூன்று பிரசவ ஆபரேஷன், ஒன்றன்பின் ஒன்றாக. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தவன், விடியலில் பஸ் பிடித்தேன். மதுரைப் பக்கமிருந்து ஓய்வுபெற்ற ஒரு தியேட்டர் மேற்பார்வையாளர் அம்மா பரீட்சை வைக்க வந்திருந்தார். குள்ளமான ஆள், தடித்த கண்ணாடி, கையில் அட்டை, அதில் தாள். சுவரோரம் நின்று எழுதிக்கொண்டே இருப்பார், ஒன்றும் பேச மாட்டார். எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி, கையுறை இல்லாமல் வெளியே நின்று எனக்கு வேண்டியதை எடுத்துக் கொடுக்கிற ஆளாக இருந்தாள்.

நோயாளி புதுப்பட்டினத்தில் மீன் விற்கிற அம்மா. வருடக்கணக்காகக் கூடை தூக்கித் தொப்புளுக்கு மேலே குடல் பிதுங்கியிருந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழும் வயிறும் மரத்துவிட்டன, ஆள் முழுசாக விழித்திருந்தார். தலைப் பக்கம் கட்டியிருந்த திரைக்கு அந்தப்புறமிருந்து ஒவ்வொருவரையும் எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் செங்கல்பட்டு என்றேன். "எம் பொண்ண அங்கதான் குட்த்துக்கீறேன்" என்றார். மரப்பு ஊசி போட்ட டாக்டர் அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

நான் ட்ராலியில் கருவிகளை விரித்து வைத்தேன். எண்ணினோம், கணக்குச் சரி. வயிற்றுக்கு மருந்து தடவித் துணி போர்த்தினார்கள். டாக்டர் தலையைக் குனிந்தார். எல்லோரும் கண்ணை மூடினோம். ஆண்டவரே, இந்தத் தாயை உம்முடைய கையில் ஒப்படைக்கிறோம் என்று தொடங்கி நாலு வரி சொன்னார். எனக்குக் கால் வலித்தது. மருந்து வாசனையும் குளிர்ந்த காற்றும் சேர்ந்து, நின்றபடியே ஒரு விநாடி தூக்கத்துக்குள் போய்விட்டேன் என்று நினைக்கிறேன். ஆமென்.

கண்ணைத் திறந்தேன். திறக்கும்போது இமைமேல் ரப்பர் ஒட்டி விடுபட்டது.

என் இரண்டு கையும் முகத்துக்கு நேரே இருந்தன. நான் கீழே இறக்கிய பிறகுதான் மற்றவர்கள் கண்ணைத் திறந்தார்கள். டாக்டர் பார்க்கவில்லை. ஓரமாக நின்ற சிஸ்டர் பார்க்கவில்லை. பரீட்சைக்கார அம்மா அப்போதுதான் நிமிர்ந்து பேனாவை எடுத்தார். உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

அந்த நொடியில் சொல்லியிருந்தால் ஒரு ஜோடிக் கையுறையோடு போயிருக்கும். கவுனும் மாற்றச் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். எனக்கு வாய் வரவில்லை. இவ்வளவு வருடம் இத்தனை பேரிடம் பேசின பேச்செல்லாம் அந்த முகமூடிக்குள் வந்து அடைத்துக்கொண்டது. வாய் சும்மா இருந்ததே தவிரக் கை சும்மா இருக்கவில்லை. பழகின கை. கத்திப் பிடியில் தகட்டை மாட்டியது, கிடுக்கிகளை வரிசையாக நேராக்கியது, ரத்தம் ஒற்றுகிற துணிகளை மடித்து அடுக்கியது, நூலை ஊசியில் பிடித்து வைத்தது. ஒவ்வொன்றைத் தொடும்போதும், இதுவும் போச்சு என்று எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. நிறுத்தவில்லை.

டாக்டர் என்னைப் பார்க்காமலே உள்ளங்கையை நீட்டினார். கத்தி என் கையில் இருந்தது. திரைக்கு அந்தப்புறம் அந்த அம்மா இருமினார்.

"வாங்காதீங்க சார்" என்றேன். "என் கை அழுக்கு."

டாக்டர் நீட்டிய கையைச் சட்டென்று நெஞ்சோடு இழுத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார். எப்போது என்று கேட்டார். ஜெபம் முடிந்தபோது கண்ணில் ஒற்றிக்கொண்டேன் என்றேன்.

"அப்புறம் எதையெல்லாம் தொட்டீங்க?"

"எல்லாத்தையும் சார்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வயிற்றின்மேல் புதுத் துணி ஒன்றைப் போட்டு மூடினார்கள். என் ட்ராலியை அப்படியே வெளியே தள்ளினார்கள். அந்தப் பெண் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, இன்னொரு செட் காலைக் கேஸுக்குப் போனது, இப்போதுதான் நீராவிப் பெட்டியில் வேகிறது, அரை மணி நேரமாவது ஆகும் என்று சிஸ்டரின் காதில் சொன்னாள். ஊசியின் மரப்பு அதுவரை தாங்கும் என்றார் மரப்பு டாக்டர். நான் கவுனையும் கையுறையையும் கழற்றிப் போட்டுவிட்டு, செய்ய ஒன்றும் இல்லாமல், அந்த அம்மாவின் தலைமாட்டில் போய் நின்றேன். இனி நான் அங்கேதான் நிற்கலாம்.

அவர் கண்ணைச் சுழற்றி என்னைப் பார்த்தார். என்ன தாமதம் என்று கேட்டார். யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும். சாமி கும்பிட்டதும் க்ளவுஸ் போட்ட கையால் கண்ணைத் தொட்டுவிட்டேன், அதனால் சாமான் எல்லாம் மாற்ற வேண்டும், அரை மணி ஆகும் என்றேன்.

"யாரு கண்ண?"

"என் கண்ணத்தாம்மா."

"ஒன் கண்ணத் தொட்டதுக்கு என் வயித்தக் காக்க வெச்சிகினுகீறியா, அண்ணாத்த?"

டாக்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அந்த அம்மா விடவில்லை.

"சாமி கும்ட்டா கண்ணுல ஒத்திக்காம பின்ன எங்க ஒத்திக்கிறது? கூடையில ஒரு ஈ குந்திச்சின்னா கூடையோட கடல்ல கொட்டுவாங்களா? போ, போயி கழுவிகினு வா." பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ள ஒண்ணும் ஆயிடலியே?" என்று கேட்டார்.

"இல்லம்மா. கத்தியே இன்னும் வெக்கல."

"அப்ப இன்னாத்துக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுகினுகீற?"

பரீட்சைக்கார அம்மா கதவருகே நின்று என்னை விரலால் கூப்பிட்டார்.

கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டார். ஒரே கேள்விதான்.

"இதுதான் முதல் தடவையா?"

பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது. ஆமாம்மா, முப்பத்து மூணு வருஷத்துல இதான் மொதல் தபா. இந்த வாக்கியத்தை வேறு வேறு விதமாக நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்தப் பதினொரு கேஸும் ஞாபகத்துக்கு வந்தன. பதினொரு தடவையும் ஜெபம் நடந்தது. பதினொரு தடவையும் நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஆமென் என்றபோது என் கை எங்கே இருந்தது? யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே ஞாபகம் இல்லை. தானாகப் போகிற கை, போனதை ஆளிடம் சொல்லிவிட்டா போகும்? அன்றைக்குக்கூட, இமையில் ரப்பர் ஒட்டாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

"தெரியலம்மா" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இன்னிக்குக் கண்ணு தொறக்கச்சொல்ல கை அங்க இருந்துச்சி. அதுக்கு முந்தி எங்க இருந்துச்சின்னு நான் பாக்கல."

அவர் எழுத ஆரம்பித்தார். நீளமாக எழுதினார். தாளின் அடிவரைக்கும் எழுதிவிட்டு, "கேஸை முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்றார். நீராவிப் பெட்டியிலிருந்து செட் வந்தது. மறுபடி நகத்திலிருந்து முழங்கைவரை தேய்த்துக் கழுவி, புது கவுன் போட்டு, விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது தடவை ஜெபம் இல்லை. கத்தியை டாக்டர் வாங்கிக்கொண்டார். தையல் முடிகிற வரைக்கும் கணக்கு ஒன்றும் தப்பவில்லை. அந்த அம்மா பாதியில் தூங்கிவிட்டார்.

செய்முறையில் தோல்வி என்று இரண்டு வாரம் கழித்துத் தாள் வந்தது. இங்கிலீஷில் இருந்ததை சிஸ்டர் வரிவரியாகத் தமிழில் சொன்னார். கண்ணைத் தொட்டதற்குக் கொஞ்சம்தான் கழித்திருந்தார்கள். தொட்டதைச் சொல்லாமல் ட்ராலி முழுவதையும் கெடுத்ததற்கும், முன்பு செய்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாததற்கும்தான் தோல்வி. நாலு மாதம் கழித்து ஒரே ஒரு முறை மறுபடி வரலாம். அதுவும் போனால் சலவைதான்.

உண்மையைச் சொன்னதற்கு ஒரு மதிப்பும் இல்லையா என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"அண்ணா, சொன்னதுக்குத்தான் மறுபடி வரச் சொல்றாங்க. நீங்க சொல்லாம நான் பாத்திருந்தா, ஆயுசுக்கும் இந்தக் கேட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டாங்க."

பிறகு அவர் ஆபரேஷன் பதிவேட்டை எடுத்து வந்தார். என்னுடைய பதினொரு கேஸையும் தேடிப் பார்க்கச் சொல்லி மேலே இருந்து சொல்லியிருக்கிறார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்துப் பேருக்கு ஒன்றும் இல்லை. ஒருவருக்கு, திருக்கழுக்குன்றத்து ஆள், கால் ஆபரேஷன், இரண்டாவது வாரம் புண்ணில் சீழ் வைத்திருந்தது. ஒன்றரை மாதம் கட்டு மாற்ற வந்து போயிருக்கிறார். இப்போது ஆறிவிட்டது என்று எழுதியிருந்தது.

"அவருக்குச் சர்க்கரை இருக்கு அண்ணா. சர்க்கரை இருக்கிறவங்களுக்கு இப்படி ஆகும்" என்றார் சிஸ்டர்.

ஆகும்தான். நானே எத்தனையோ பேருக்கு ஆகிப் பார்த்திருக்கிறேன். அவர் அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் பக்கத்தைப் புரட்டினார். அன்றிலிருந்து திருக்கழுக்குன்றத்தில் பஸ் நிற்கிற கால் மணி நேரத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை. அந்த ஆளின் முகம்கூட எனக்குத் தெரியாது. துணிக்கு வெளியே கால் மட்டும்தான் பார்த்தேன்.

அந்த நாலு மாதம் செங்கல்பட்டில் சலவைப் பிரிவில் இருந்தேன். பச்சைத் துணிகளை உதறி, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மடிக்க வேண்டும். அங்கே ஏற்கெனவே வந்துவிட்ட இரண்டு பேரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. இதே சம்பளம்தானே, உட்கார்ந்து செய்கிற வேலைதானே, போதும் விடு என்றாள் மனைவி. முட்டி வீக்கமும் வடிந்திருந்தது. அவள் சொன்னது முழுக்க நியாயம்.

வீட்டில் சாயங்காலம் விளக்கேற்றிக் கற்பூரம் காட்டும்போது விரல்களைக் கோத்து நெஞ்சில் வைத்துப் பழகினேன். அவள் தட்டை நீட்டுவாள். நான் கையைப் பிரிக்க மாட்டேன். "சாமியாண்ட இன்னாய்யா கோவம் ஒனுக்கு?" என்று கேட்டாள் ஒருநாள். கோபம் இல்லை, பாடம் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. அவளே தன் விரலைச் சுடரில் காட்டி என் கண்ணில் ஒற்றிவிட்டாள். அதற்குப் பிறகு தினமும் அவள்தான் ஒற்றிவிடுகிறாள்.

கை சுலபத்தில் அடங்கவில்லை. சிற்றாலயத்தில், தெருவில் அம்மன் ஊர்வலத்தில், பஸ் ஓட்டுநர் கோயிலைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வதைப் பார்த்தால்கூட, எழும்பும். பாதி வழியில், தாடைக்கு நேரே பிடித்து நிறுத்துவேன். அந்தப் பழக்கத்தை அழிக்க முடியாது என்பது இரண்டாவது மாதத்திலேயே தெரிந்துவிட்டது. அதனால் சிஸ்டரிடம் போய், ஜெபத்தின்போது நான் கண்ணைத் திறந்து வைத்திருக்கலாமா என்று கேட்டேன். மூடித்தான் ஆக வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்றார்.

இரண்டாவது பரீட்சைக்கும் அதே அம்மாதான் வந்தார். ஜெபம் நடந்தபோது என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தபோது அவரும் கண்ணைத் திறந்துவைத்து என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தேறினேன். எட்டாவதோடு நின்றவன், இந்த வட்டாரத்தில் என் வயதில் இந்தச் சான்றிதழை வாங்கியவன் நான் ஒருவன்தான் என்று சிஸ்டரே சொன்னார். அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.

அதற்குள் செங்கல்பட்டிலும் ஜெபத்தை மேசைப் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு நாளைக்கு நாலு கேஸ், சில நாள் ஆறு. நான் நினைத்த இடத்தில்தான் நிற்கிறேன். டாக்டர் தலையைக் குனிகிறார், எல்லோரும் கண்ணை மூடுகிறார்கள். மூடாதவன் நான் மட்டும். முன்பெல்லாம் அந்த ஒரு நிமிஷம் எனக்கு ஓய்வு. இப்போது அதுதான் ஒரு நாளில் ரொம்பக் களைப்பான நிமிஷம். ஜெபத்தில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழுவதில்லை. ஆமென் என்றதும் கோத்த விரல்கள் லேசாக மேலே இழுக்கும். அந்த இழுப்பு இன்னும் நிற்கவில்லை. ரிடையர் ஆக இரண்டு வருடம் இருக்கிறது, அதுவரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.